ஆசாரியின் வேலையை ரசிப்பது எப்படி? கைவேலை மரச்சாமான்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த நிலை, கதவு, பெட்டகம், கணக்குப்பிள்ளை மேசை, சாய்வு நாற்காலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். வருகிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். முன்னால் நின்று செதுக்கு வேலையைத் தடவுவார்கள், "பர்மா தேக்குதானே?" என்பார்கள், அப்புறம் விலை கேட்பார்கள். அதைச் செய்த ஆசாரி அதிகம் யோசித்து வேலை செய்த இடங்கள், அதாவது அடிப்பக்கம், மூட்டுகள், இழுப்பறையின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாமலே போய்விடுகின்றன.

அந்த இடங்களைப் பார்க்கப் பழகுவதற்கான வழிகாட்டி இது. பழைய சாமான் வாங்கப் போகிறவருக்கும், புதிதாக ஆசாரியிடம் செய்யக் கொடுக்கிறவருக்கும், வீட்டு மூலையில் கிடக்கும் தாத்தா காலத்து மேசையைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிறவருக்கும் உதவும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டி, அறுத்து, உலர்த்திய பிறகும் மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு இல்லை என்றே சொல்லிவிடலாம். அகலவாக்கில்தான் எல்லாம். ஆசாரியின் திறமையை நான் எடை போடுவது இதை வைத்துத்தான்: அசைகிற பொருளைக் கொண்டு ஆடாத மேசையை எப்படிச் செய்தார்? செதுக்கும் பளபளப்பும் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். செல்போன் டார்ச், ஒரு அளவு டேப், துடைக்க ஒரு பழைய துணி. அவ்வளவு போதும். கடைக்காரரிடம் "கவிழ்த்துப் பார்க்கலாமா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

படி 1: தள்ளி நின்று பாருங்கள்

பத்தடி தள்ளி நின்று மொத்த உருவத்தைப் பாருங்கள். கால்கள் மேல்பலகையின் கனத்தைத் தாங்கும் தெம்போடு தெரிகின்றனவா, அல்லது குச்சி நட்டு வைத்த மாதிரி இருக்கின்றனவா? இழுப்பறைகள் மேலிருந்து கீழே வர வர உயரம் கூடுகின்றனவா? கூடினால் கண்ணுக்கு அலமாரி நிலையாக உட்கார்ந்திருக்கும். கால்கள் கீழே போகப் போக மெலிந்தால் கனமான மேசைகூட இலேசாகத் தெரியும். நல்ல ஆசாரிக்கு இந்தக் கணக்கெல்லாம் கைப்பழக்கத்திலேயே வரும். உங்களுக்கும் சரியாக இருக்கிறது என்று தோன்றினாலே போதும். காரணத்தை அருகில் போய்த் தேடலாம்.

படி 2: என்ன மரம் என்று பாருங்கள்

பாலிஷ் போட்ட முன்பக்கத்தை வைத்து மரத்தைச் சொல்ல முடியாது. எந்த மரத்துக்கும் தேக்கு நிறம் ஏற்றிவிடலாம். பாலிஷ் படாத இடத்தைத் தேடுங்கள்: மேல்பலகையின் அடி, இழுப்பறையின் உள்பக்கம், காலின் அடிமுனை.

பலகையின் குறுக்குவெட்டு முனை தெரிந்தால் அங்கேதான் உண்மை இருக்கிறது. தேக்கில் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் ஒரு வரிசையாக நிற்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். கை வைத்தால் இலேசான எண்ணெய்ப் பசை இருக்கும். உப்புத்தாளால் மறைவான ஓர் இடத்தில் மெல்லத் தேய்த்தால் பழைய தோல்பையின் வாசம் வரும். புதிதாக அறுத்த தேக்கு திட்டுத் திட்டாக, சில சமயம் பச்சை கலந்துகூட இருக்கும். வெளிச்சம் படப் படத்தான் அந்தப் பொன் பழுப்பு வருகிறது.

ஈட்டி மரத்தை, சில ஊர்களில் தோதகத்தி என்பார்கள், அடையாளம் காண எடையே போதும். ஒரு கன அடி உலர்ந்த தேக்கு சுமார் 18 கிலோ இருக்கும். அதே அளவு ஈட்டி 24 கிலோவை நெருங்கும். கருஞ்சிவப்பில் ஊதா கலந்து, நடுவே கருங்கோடுகள் ஓடும். தமிழ்நாட்டில் ஈட்டி மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994-இல் வந்தது. ஆகவே புதிய ஈட்டிச் சாமான் என்று யாராவது தாராளமாக விற்றால், மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம்தான். பலா மரம் செய்த புதிதில் நல்ல மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகச் செம்பழுப்பாகும். தஞ்சாவூர் வீணையின் குடம் செய்வதும் இந்த மரத்தில்தான். வேங்கை, வேம்பு, பூவரசு, மா எல்லாம் கிராமத்து வீட்டுச் சாமான்களில் சகஜம். தேக்கு இல்லை என்பதாலேயே ஒன்றை ஒதுக்காதீர்கள். உள்ளூர் வேம்பில் செய்த கட்டில் ஒன்றில் பார்த்த மூட்டு வேலையை நான் பல தேக்கு அலமாரிகளில் பார்த்ததில்லை.

"பர்மா தேக்கு" என்ற பேச்சுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், பர்மாவில் பெரிய அளவில் லேவாதேவி நடத்தினார்கள். அந்தத் தொடர்பில்தான் இரங்கூனிலிருந்து மரம் கப்பலேறி வந்தது. அந்த மரத்தின் தரத்துக்கு ஒரு காரணம் உண்டு. பர்மாவில் தேக்கை உடனே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்தால்தான் ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவர முடியும். மிதப்பதற்காகச் செய்த அந்த ஏற்பாடு மரத்தை அவசரமில்லாமல் பதப்படுத்தியும் கொடுத்தது. நம் பக்கத்திலேயே கேரளத்து நிலம்பூரில் 1840-களில் கானலி என்ற மலபார் கலெக்டரின் ஏற்பாட்டில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். அந்தப் பழைய மரங்களில் சில இன்றும் நிற்கின்றன. எனவே நல்ல தேக்கு என்றாலே பர்மா என்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எந்த ஊர்த் தேக்கானாலும் வைரம் பாய்ந்த பகுதியா, வெளுத்த வெளிமரமா என்பதுதான் முக்கியம். வெளிமரத்தைப் பட்டறையில் வெள்ளை என்பார்கள். வண்டு உளுத்துவது அங்கேதான். மறைவான பின்சட்டத்தில் ஓரமாக ஒரு விரல் அகலம் வெள்ளை இருந்தால் பரவாயில்லை. காலிலோ மூட்டு வரும் இடத்திலோ இருந்தால் மரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரி, எப்படிப் போகிறது என்றும் கவனியுங்கள். நாற்காலியின் பின்கால் வளைவாக இருந்தால், ரேகையும் வளைவோடு கூடவே ஓடுகிறதா, இல்லை குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கிறதா? குறுக்கே ஓடினால் பாரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். இரட்டைக் கதவு அலமாரியில் இரண்டு கதவுப் பலகைகளின் ரேகையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால், ஒரே கட்டையை இரண்டாக அறுத்து விரித்து வைத்திருக்கிறார். அதற்கு மரம் அறுக்கும் நாளிலேயே முடிவெடுத்திருக்க வேண்டும்.

படி 3: வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள்

டார்ச்சை மேல்பலகையின்மேல் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, வெளிச்சம் பரப்பில் உரசிக்கொண்டு போகும்படி பிடியுங்கள். இதுவரை வழுவழு என்று தெரிந்த பலகையில் மேடு பள்ளம் எழுந்து வரும்.

கை இழைப்புளி ஓடிய பலகையில், நீளவாக்கில் ஆழம் இல்லாத அகன்ற வாய்க்கால்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இழைப்புளியின் நாக்கை, அதாவது வெட்டும் தகட்டை, ஓரங்களில் கொஞ்சம் மழுக்கித் தீட்டுவதால் வரும் தடம் இது. உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டினால் கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும். மெஷினில் இழைத்த பலகையில் ரேகைக்குக் குறுக்கே, சம இடைவெளியில், வரி வரியாகச் சிற்றலை இருக்கும். மேலே உப்புத்தாள் போட்டு அழித்திருந்தாலும் அடிப்பக்கத்தில் தப்பாமல் மிஞ்சியிருக்கும்.

அறுத்த தடமும் அப்படித்தான். ஒருவர் மேலேயும் ஒருவர் பள்ளத்திலும் நின்று இழுத்து அறுத்த பலகையில் கோடுகள் நேராக இருந்தாலும் சாய்வும் இடைவெளியும் ஒழுங்காக இருக்காது. கை சோர்ந்த இடம், இளைப்பாறி மறுபடி தொடங்கிய இடம்கூடத் தெரியும். வட்ட ரம்பம் வில் போல வளைந்த கோடுகளை விட்டுச் செல்லும். நேராகவும் ஒரே சீராகவும் கோடுகள் இருந்தால் பட்டை ரம்பம்.

அடிப்பக்கம் கரடுமுரடாக இருப்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையால் இழைப்பது உடம்பை முறிக்கும் வேலை. தெரியும் பக்கத்தை நூல் பிடித்தாற்போல் இழைத்துவிட்டு, தெரியாத பக்கத்தை மூட்டு உட்காரும் இடத்தில் மட்டும் சமன் செய்து விடுவது அனுபவசாலியின் முறை. தேக்கில் இன்னொரு கஷ்டமும் உண்டு. அதன் உள்ளே மணல் சத்து இருப்பதால் உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும். தேக்கில் கூர்மையான ஒரு விளிம்பைப் பார்க்கும்போது, அதற்காக எத்தனை முறை சாணைக்கல்லுக்குப் போய் வந்திருப்பார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: மூட்டுகளில் நேரம் செலவழியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் அவசரமாக முடித்தாலும் இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்.

காலும் சட்டமும் சேரும் இடத்தில் அடிப்படையான மூட்டு கழுந்து. சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி குறைத்து, காலில் உளியால் குடைந்த துளைக்குள் செருகுவது. வெளியே நின்று பார்த்தால் ஒரு கோடு மட்டும்தான் தெரியும். அந்தக் கோட்டில் உங்கள் விரல் நகத்தை ஓட்டுங்கள். நூறு மழைக்காலம் பார்த்த மேசையிலும் நகம் சிக்காமல் போனால், கழுந்தின் தோள், அதாவது நாக்கு தொடங்கும் இடத்தில் சட்டம் காலோடு முட்டி நிற்கும் விளிம்பு, நான்கு பக்கமும் ஒன்றுபோல் உட்கார்ந்திருக்கிறது. ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து இடைவெளியை அடைத்திருந்தால், சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் ரேகையே இல்லாமல் செத்துக் கிடக்கும்.

கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன வட்டமோ சதுரமோ தெரிகிறதா பாருங்கள். அது மர ஆணி. நம் ஆசாரிகள் மூங்கிலில் சீவி அடிப்பதும் வழக்கம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலில் போடும் துளையும் கழுந்தில் போடும் துளையும் நேருக்கு நேர் இருக்காது. கழுந்தின் துளையை ஒரு நெல் கனம் தோள் பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடிக்கும்போது அது வளைந்து நுழைந்து, கழுந்தைத் துளைக்குள் இழுத்து இறுக்கும். பசை இற்றுப் போனாலும் இந்தப் பிடி விடாது. கழற்றிய பழைய மூட்டு ஒன்றின் ஆணியை உருவிப் பார்த்தால், அது இலேசாகக் கோணியிருப்பது தெரியும். பழைய சாமானில் ஆணியின் தலை பரப்பைவிட இம்மியளவு துருத்தி நிற்பதும் உண்டு. சுற்றியுள்ள மரம் அகலவாக்கில் சுருங்கியிருக்கும். ஆணி நீளவாக்கில் சுருங்கவில்லை. விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும். அடுத்த முறை பழைய கதவு ஒன்றைத் தொட வாய்த்தால் தேடிப் பாருங்கள்.

கட்டில்களில் இன்னொரு வகை உண்டு. கழுந்து காலைத் தாண்டி வெளியே வந்து, அதன் குறுக்கே ஆப்பு இறங்கியிருக்கும். ஆப்பைத் தட்டி எடுத்தால் கட்டில் மொத்தமும் பிரிந்துவிடும். குறுகிய வாசலும் வளைந்த மாடிப்படியும் உள்ள வீடுகளுக்கு இது எவ்வளவு வசதி! காவிரிப் பாசன ஊர்களில் நெல் கொட்டிவைக்கும் பத்தாயமும் பலகைகளைப் பிரித்து மறுபடி பூட்டும்படி செய்ததுதான்.

மூட்டின் உள்பக்கத்தில் உளியால் கொத்திய சிறு கோடுகள் தென்படலாம். காலில் இரண்டு கோடு, அதில் சேரும் சட்டத்திலும் இரண்டு கோடு. அடுத்த காலில் மூன்று, சட்டத்திலும் மூன்று. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று ஆசாரி தனக்குப் போட்டுக்கொண்ட அடையாளம் அது. ஒவ்வொரு மூட்டையும் அதன் ஜோடிக்குத் தனியாகப் பொருத்தியிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தொழிற்சாலையில் எந்தக் கால் எந்தச் சட்டத்துக்கும் சேரும். அங்கே இந்தக் கோடுகளுக்கு வேலை இல்லை.

படி 5: இழுப்பறையை முழுதாக வெளியே எடுங்கள்

ஒரு மேசையில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க நேரம் என்றால் இழுப்பறையைத் தேர்ந்தெடுங்கள்.

முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறா வால் விரித்த மாதிரி, முனை அகன்று அடி குறுகிய பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அது டவ்டெயில் மூட்டு. இழுப்பறையை எப்போதும் முன்னோக்கித்தான் இழுக்கிறோம். அந்த இழுப்பில் பிரிய முடியாதபடி பற்கள் பூட்டிக்கொள்கின்றன. கையால் வெட்டியதா என்று அறிய மூன்று இடம் பாருங்கள். பற்களின் அகலமும் சாய்வும் ஒன்றுக்கொன்று துளி மாறும். நடுவில் வரும் குறுகிய பற்கள் மிகவும் ஒல்லியாக, சில சமயம் ரம்பம் ஒன்று நுழையும் அகலமே இருக்கும். மெஷின் வெட்டுக் கருவியால் அவ்வளவு ஒல்லியாகப் போக முடியாது. பற்களின் அடியில் பலகைக்குக் குறுக்கே மெல்லிய கீறல் கோடு ஒன்று ஓடும். எதுவரை அறுக்க வேண்டும் என்று ஆசாரி கீறி வைத்தது. அதை இழைத்து அழிக்காமல் விடுவதுதான் வழக்கம்.

ஒரு கணக்குப்பிள்ளை கைப்பெட்டியின் சின்ன இழுப்பறையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முன்பலகை ஈட்டி, பக்கங்கள் தேக்கு, அடிப்பலகை ஏதோ இலேசான நாட்டு மரம். கீறல் கோட்டை ரம்பம் ஒரே ஒரு பல்லில் மயிரிழை தாண்டியிருந்தது. மற்ற எல்லாவற்றிலும் கோட்டின்மேல் வந்து நின்றிருந்தது. உள்பக்க அடியில் மசிக்கறை. பக்கப்பலகைகளின் கீழ்விளிம்பு, வருஷக்கணக்காக இழுத்துத் தள்ளியதில், பின்பக்கம் போகப் போகச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. இந்தத் தேய்மானத்தைப் பொய்யாக உண்டாக்குவது கஷ்டம். பழையது என்று சொல்லி விற்கும் மேசையில் இழுப்பறையின் அடிவிளிம்பு கூராகவே இருந்தால் யோசியுங்கள்.

அடிப்பலகை எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். மூன்று பக்கமும் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து அதற்குள் செருகி, பின்பக்கம் மட்டும் ஓரிரு ஆணியோடு விட்டிருந்தால், பலகை உப்பினால் பின்னோக்கிப் போக இடம் இருக்கிறது. சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கியிருந்தால் நாளைக்கு நடுவில் வெடிக்கும்.

ஈட்டி முகத்துக்குப் பின்னால் மலிவு மரம் இருப்பதை ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது விவேகமாகத்தான் படுகிறது. கனமான மரம் முகத்துக்கு, உரசலைத் தாங்கும் மரம் பக்கத்துக்கு, இலேசான மரம் அடிக்கு.

இழுப்பறையை உள்ளே தள்ளும்போது கடைசி ஓர் அங்குலத்தில் காற்று தடுத்து மெல்ல உட்கார்ந்தால், நீங்கள் ஒரு நல்ல ஆசாரியின் வேலைக்கு முன்னால் நிற்கிறீர்கள்.

படி 6: மரம் அசைய இடம் விட்டிருக்கிறாரா?

அலமாரிக் கதவைப் பாருங்கள். சுற்றிலும் நான்கு சட்டம், நடுவே பலகை. சட்டங்கள் கழுந்தில் பூட்டியிருக்கும். நடுப்பலகை காடிக்குள் சும்மா நிற்கும், பசையும் ஆணியும் இருக்காது. விரலால் அழுத்தினால் இலேசாக லொடலொடக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். கோடையில் நடுப்பலகையின் இரு ஓரத்திலும் பாலிஷ் படாத வெளிறிய கோடு எட்டிப் பார்த்தால், பலகை சுருங்கியிருக்கிறது, ஆனால் வெடிக்கவில்லை.

ஊஞ்சல் பலகையின் அடியில் குறுக்குச் சட்டங்கள் இருந்தால், அவை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். திருகாணி போட்டு முறுக்கியிருந்தால் பலகையின் அசைவைக் கட்டிப்போட்டிருக்கிறார். அகன்ற வாய் உள்ளேயும் குறுகிய வாய் வெளியேயுமாகக் காடி வெட்டி, பக்கவாட்டிலிருந்து சட்டத்தைத் தள்ளி நுழைத்திருந்தால், பலகை அகலத்தில் கூடலாம் குறையலாம், ஆனால் கோணாது. எனக்குத் தச்சு வேலையிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

வட்ட மேசைக்கு ஒரு சோதனை உண்டு. டேப்பால் ரேகையோடு ஒரு விட்டமும் ரேகைக்குக் குறுக்கே ஒரு விட்டமும் அளந்து பாருங்கள். பழைய மேசையில் குறுக்கு விட்டம் சில மில்லிமீட்டராவது குறையும். வட்டமாகச் செய்தது வருஷங்கள் ஆக ஆக முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். இரண்டும் துல்லியமாகச் சமமாக இருந்தால் பலகை புதிதாக இருக்கலாம், அல்லது மேலே வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள் ஒட்டிய பிளைவுட்டாக இருக்கலாம்.

படி 7: கடைசல், செதுக்கு, பிரம்பு

கடைசல் பிடித்த, அதாவது சுழலவிட்டு உளியால் உருட்டி எடுத்த, கால்கள் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் உளி பிடித்துக் கடைந்திருந்தால் குமிழ்களின் பருமனிலும் கழுத்தின் ஆழத்திலும் நூலளவு வித்தியாசம் இருக்கும். தள்ளி நின்றால் நான்கும் ஒன்று. அருகில் வந்தால் நான்கும் வேறு. கடைசலில் கை தேர்ந்தவரின் அடையாளம் கூர்மையான பள்ளம்தான். இரண்டு குமிழ்கள் சந்திக்கும் இடம் சுத்தமான கோடாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தே உருவம் கொண்டுவந்தவரின் வேலையில் அந்தக் கோடு உருண்டு மழுங்கியிருக்கும்.

செதுக்கு வேலையில் இன்று பெரும்பகுதி கம்ப்யூட்டர் மெஷினில் நடக்கிறது. தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. கைவேலை என்று சொல்லி விற்பதுதான் தவறு. மெஷினின் முனை சுழன்று வெட்டுவதால் உள்மூலைகள் கூராக வராது, உருண்டுதான் நிற்கும். பின்னணியின் ஆழம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும், நெருங்கிய இணைகோடுகள் தெரியும். இடப்பக்கப் பூவும் வலப்பக்கப் பூவும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். கையால் செதுக்கியதில் இலையின் அடியில் உளி உள்ளே புகுந்து குடைந்திருக்கும்; மூலைகளில் இரண்டு உளிவெட்டு சந்தித்த கோடு கூராக நிற்கும்.

கண்ணைப் பழக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் பூமுகம் என்னும் முன்மண்டபத்தின் மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள். 90 பூ வடிவங்கள். ஒன்று போல் ஒன்று கிடையாது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வளாகத்துக்குள் செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் தூணும் கதவும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. செதுக்குகிறவர்களின் கையையே பார்க்க வேண்டுமென்றால் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் போகலாம். இரண்டு ஊர் மரச்சிற்பங்களுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

பிரம்பு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்து, பிரம்பு ஒவ்வொன்றிலும் நுழைந்து திரும்பியிருந்தால் அந்த இருக்கையை ஒருவர் உட்கார்ந்து பின்னியிருக்கிறார்: முன்பின்னாக, குறுக்காக, அப்புறம் இரண்டு மூலைவாட்டிலும். துளையே இல்லாமல் ஓரமாக ஒரு காடியும் அதில் அழுத்திய பட்டையும் மட்டும் இருந்தால், ரோலாக வந்த பின்னலை வெட்டிப் பொருத்தியது.

பழையது எல்லாமே கைவேலை ஆகிவிடாது. செட்டிநாட்டுக் கடைகளில் கண்ணில் படும், வளைத்த உருட்டுக் கம்பு மாதிரியான மெல்லிய நாற்காலிகளின் மூலம் ஐரோப்பா. ஆஸ்திரியாவின் தோனெட் நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிக்கு வெறும் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள். பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தார்கள். பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கின. அற்புதமான வேலைதான், ஆனால் அது தொழிற்சாலையின் சாமர்த்தியம். ஆசாரியின் வேலையைத் தேடுகிறவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 8: பாலிஷும் பழுதுபார்த்த தடமும்

பழைய முறை அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் பூச்சுமேல் பூச்சாகத் தேய்ப்பது. மரத்தின் ரேகை உள்ளிருந்து தெரியும், கைக்கு இதமாக இருக்கும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். உடைமைக்காரர் சம்மதித்தால் மறைவான இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்: பிசுபிசுத்தால் அரக்கு, அசையாமல் இருந்தால் இக்காலச் செயற்கைப் பூச்சான மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரிதேன்). கெட்டியாகக் கண்ணாடி போல் பூசிய பி.யு. பூச்சு பழைய சாமானில் எனக்கு உடன்பாடில்லை. இழைப்புளித் தடமும் தேய்ந்த விளிம்பும் அதன் அடியில் அமுங்கிப் போகின்றன.

பழுதுபார்த்திருப்பது குறையல்ல, எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ரேகை பார்த்து அதே மரத்தில் ஒட்டுப் போட்டிருந்தால் அது இரண்டாவது ஆசாரியின் மரியாதை. பழைய கீலில் பிளஸ் தலைத் திருகாணி இருந்தால், அந்த வகை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது என்பதை நினைவில் வையுங்கள்; 1900-ஆம் வருஷத்து அலமாரி என்றால் கீலை இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

படி 9: புதிதாகச் செய்யக் கொடுக்கும்போது

இவ்வளவும் பார்த்துப் பழகிய பிறகு ஆசாரியிடம் பேசும் பேச்சே மாறிவிடும். "டிசைன் இது, எவ்வளவு ஆகும்?" என்று தொடங்காதீர்கள். மரம் அறுத்து எத்தனை நாள் ஆயிற்று, எங்கே அடுக்கி உலர்த்தியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கியிருந்தால் நல்ல அறிகுறி. மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிடிப்பீர்கள், இழுப்பறை மூலைக்கு என்ன மூட்டு, கழுந்து எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கிறவர் அபூர்வம் என்பதால், அநேகமாக அவரே உளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கட்டையில் வரைந்து காட்டத் தொடங்குவார். மூட்டுகள் வெளியே தெரிந்தால் பரவாயில்லை, பாலிஷுக்கு முன் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவையுங்கள். கூலி பேசும்போது இழைப்புக்கும் மூட்டுக்கும் ஆகும் நாட்களைக் கணக்கில் எடுங்கள். மரத்தின் விலையில் பேரம் பேசலாம், அந்த நாட்களில் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்திலும் ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். முதல் மழைக்காலத்தில் இழுப்பறை இறுகினால் உடனே இழைக்கச் சொல்ல வேண்டாம். பக்கப்பலகையின் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் பங்குனி வரை பொறுங்கள். அப்போதும் இறுக்கமாகவே இருந்தால், செய்த ஆசாரியையே கூப்பிட்டு எந்தப் பக்கம் உரசுகிறது என்று பார்த்து ஒரு சீவல் எடுக்கச் சொல்லுங்கள்.